செத்தவன் நம்பர்

"கொஞ்சம் குனிங்கண்ணே, நம்பர் மறைக்குது!"

செல்வா கைத்தொலைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான். அவனைச் சுற்றி இன்னும் பல கைகள் உயர்ந்திருந்தன. வாய்க்கால் ஓரம் நசுங்கிக் கிடந்த மோட்டார் சைக்கிளின் பின் நம்பர் தகட்டைத்தான் எல்லாரும் படம் எடுத்தார்கள்.

போலீசிடம் கொடுப்பதற்காக அல்ல. விபத்தில் சிக்கிய வண்டியின் எண்ணை நாலு இலக்க லாட்டரி விற்கும் நம்பர் கடையில் எழுதினால் பரிசு விழும் என்பது இந்தப் பக்கத்தில் பலருடைய நம்பிக்கை. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஓட்டியவன் பிழைத்துக்கொண்டால் அந்த நம்பரில் சூடு இல்லை, செத்தால்தான் விழும். அதனால் படம் எடுத்த கையோடு யாரும் கிளம்ப மாட்டார்கள். முடிவு தெரியும்வரை நிற்பார்கள்.

ஓட்டியவன் சசிகுமார். செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. புல்லில் மல்லாந்து கிடந்தான். பக்கத்தில் முழங்காலிட்டிருந்த சபை மூப்பர் லியோனார்ட், தன் டையை அவிழ்த்து அவன் தொடையில் இறுக்கிக் கட்டி, காயத்தின் மேல் முஷ்டியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். தொடையில் ஓடுவது பெரிய ரத்தக்குழாய். உடைந்த தண்ணீர்க் குழாய் மாதிரிதான் அதுவும். அழுத்தினால் நிற்கும், கையை எடுத்தால் கொட்டும்.

தூரத்துச் சந்தியில் ஆம்புலன்ஸ் நின்ற இடத்திலேயே நின்று அலறியது. தோட்டத்துச் சாலை ஒரு லோரி போகும் அகலம்தான். இரண்டு பக்கமும் வாய்க்கால். நம்பர் எடுக்க வந்தவர்கள் வண்டிகளை நடுச்சாலையிலேயே விட்டு இறங்கியிருந்தார்கள்.

"வண்டிய எடுங்கப்பா! ஆம்புலன்ஸ் உள்ள வர முடியல!" லியோனார்டின் மனைவி டொரீன் காருக்குக் கார் ஓடிக் கத்தினார்.

"ரெண்டு நிமிசம் லா அக்கா."

கூட்டத்தில் நின்ற இருசப்பன் கழுத்தை நீட்டினார். "மூப்பரே, நீங்க மறைச்சுக்கிட்டு உக்காந்தா எப்படி? ஆளு இருக்கானா, போயிட்டானா?"

"இருக்கான். பொழச்சுக்குவான். வழிய விடுங்க!"

"அப்ப கொஞ்ச நேரம் பாப்போம்" என்று இருசப்பன் சிகரெட்டைப் பற்றவைத்தார்.

லியோனார்ட் அழுத்திய கையை எடுக்காமலே சொன்னார். "சிலுவைக்குக் கீழ நின்னு ஆண்டவரோட அங்கிக்குச் சீட்டுப் போட்டாங்களே, அவங்களும் இப்படித்தான் ஒரு ஆளு சாகுறதுக்குக் காத்துக்கிட்டு இருந்தாங்க."

"பிரசங்கத்தக் கோயில்ல வைங்க அங்கிள்" என்றான் செல்வா.

"காலையில வச்சது பத்தலையாம்டா!" என்றான் பின்னால் நின்ற இன்னொருவன்.

கூட்டம் சிரித்தது. தமிழ்ப்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் நம்பர் கடையை அகற்றச் சொல்லி வருடா வருடம் கவுன்சிலரிடம் மனு கொடுப்பவர் லியோனார்ட். நம்பர் எழுதுகிறவர்களுக்குச் சபையில் பொறுப்பு கொடுக்கக் கூடாது என்று போதகரிடமே வாதாடியவர். அவரைப் பிடிக்காதவர்கள் நிறைய பேர். ஆனால் அவர் பேச்சை நம்பாதவர்கள் இல்லை. மகன் டெரல் லைசன்ஸ் இல்லாமல் கார் ஓட்டி மோதியபோது, யாரும் பார்க்காத அந்த விபத்தைப் போலீஸ் நிலையத்துக்குப் போய்ச் சொன்னவரே அவர்தான்.

அவர் சசிகுமாரின் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். துடிப்பு நூலாக ஓடியது. சைரன் வந்த திசையைப் பார்த்தார். அது கொஞ்சமும் நெருங்கியிருக்கவில்லை.

"ஏழு மணிக்குள்ள சீட்டு எடுக்கணும்யா, சீக்கிரம் சொல்லுங்க" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

லியோனார்ட் சசிகுமாரின் காதருகே குனிந்தார். உதடுகள் அசைந்தன. முன்னால் நின்ற சின்னத்தாய் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினாள்.

அவர் நிமிர்ந்தார். திரும்பி ஓடி வந்திருந்த டொரீனின் துப்பட்டாவை ஒரு கையால் வாங்கி, அவன் முகத்தை மூடினார்.

"முடிஞ்சிருச்சு."

அவரே தொடர்ந்தார். "நாலு, ஒண்ணு, ஏழு, மூணு. எல்லாரும் சரியா எடுத்துக்கிட்டீங்களா? இன்னும் ஏன் நிக்கிறீங்க? கடைய அடைச்சிருவான், ஓடுங்க!"

"மூப்பரே நம்பர் சொல்லிட்டாருடா! கண்டிப்பா விழும்!"

கார்க் கதவுகள் படபடவென்று அடித்தன. ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு வண்டிகளைத் திருப்பினார்கள். இருசப்பன் சிகரெட்டை வாய்க்காலில் எறிந்துவிட்டு செல்வாவின் மோட்டாரில் தொற்றிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் சாலையில் புழுதி மட்டும் மிஞ்சியது.

டொரீன் கணவனையே பார்த்துக்கொண்டு நின்றார். அழுகையில் வார்த்தை திக்கியது.

"எந்தக் கடைய மூடணும்னு நின்னீங்களோ, அந்தக் கடைக்கே ஆள் அனுப்பிட்டீங்களே... ஒரு பொணத்த வச்சுக்கிட்டு உங்க வாயால நம்பர் சொல்லலாமா? நாளைக்கு அவங்கம்மா மொகத்துல எப்படி முழிப்பீங்க?"

லியோனார்ட் தலையைக் குனிந்தபடியே இருந்தார். முஷ்டி மட்டும் அந்தத் தொடையை விட்டு நகரவே இல்லை.

சைரன் நெருங்கியது. சிவப்பு வெளிச்சம் செம்பனை மரங்களில் மாறி மாறி விழுந்தது.

அவர் துப்பட்டாவை விலக்கினார்.

"தம்பி, எல்லாரும் போயிட்டாங்க. கண்ணத் தொற."