முதுகுப் பிடிப்பு

"குனி, குனி! எங்க மேனேஜர்!"

சொல்லிக்கொண்டே கணக்காளர், விமானக் கண்காட்சியில் நின்ற ஒரு ராட்சத ராணுவ விமானத்தின் வயிற்றுக்கு அடியில் புகுந்துகொண்டார். அவர் மனைவி குனியவில்லை.

"நான் எதுக்குங்க குனியணும்? முதுகுப் பிடிப்புன்னு புளுகி லீவு போட்டது நீங்கதானே?"

உண்மைதான். பிறந்தநாளுக்குப் புடவை வேண்டாம், போர் விமானம் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்த அபூர்வப் பிறவி அந்த அம்மாள். அதற்காகத்தான் கணக்காளர் காலையில் மேனேஜருக்கு போன் போட்டு, "படுத்த படுக்கையா இருக்கேன் சார். இம்மிகூட அசையக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்" என்று முனகினார். மேனேஜர் லேசில் விடவில்லை. "நானெல்லாம் காய்ச்சலோட ஆபீஸ் வர்றவன்யா" என்று ஒரு பாட்டம் உபதேசம் செய்த பிறகுதான் லீவு கொடுத்தார்.

"மோப்பம் பிடிச்சு வந்துட்டார்டி. நாளைக்குத்தான் என் பிரமோஷன் முடிவாகுது. இன்னிக்கு மாட்டினா ஆயுசுக்கும் இதே நாற்காலிதான்!" கணக்காளர் அழாத குறை.

ராட்சத விமானத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினால், மறுபக்கம் ஒரு குட்டிப் பயிற்சி விமானம். முன்னால் ஒரு சீட், பின்னால் ஒரு சீட். வருகிறவர்கள் ஏறிப் படம் எடுத்துக்கொள்ள ஏணி போட்டு, பக்கத்து மேசையில் கறுப்புக் கண்ணாடி வைத்த ஹெல்மெட்டுகளையும் அடுக்கியிருந்தார்கள். பின்சீட்டில் ஹெல்மெட்டோடு ஒரு விமானி பொம்மை. அங்கே விமானத்துக்கு விமானம் இப்படி ஒரு பொம்மை இருந்தது.

கணக்காளர் ஒரு ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, முன்சீட்டில் ஏறி விறைத்து உட்கார்ந்தார்.

"மத்த பொம்மையெல்லாம் ஒல்லியா இருக்கு. இதுக்கு மட்டும் தொப்பை வச்சிருக்காங்க, பாருங்களேன்" என்றாள் மனைவி கீழேயிருந்து.

"பொம்மை கிடக்கட்டும். மேனேஜர் எங்கே?"

"காணோமே! இந்தப் பக்கமாத்தானே வந்தார்? ஆவியாப் போயிட்டாரா?"

"ஆவியாப் போனாலும் வந்து அட்டெண்டன்ஸ் எடுப்பார் அந்த மனுஷன்."

பயம் கொஞ்சம் தெளிந்ததும் கணக்காளருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஆபீஸ்ல அவருக்கு என்ன பேர் தெரியுமா? பெருச்சாளி! மத்தியானம் ஆனா ரூமைச் சாத்திக்கிட்டு ஒரே குறட்டை. கதவைத் தட்டினா, முக்கியமான மீட்டிங்ல இருக்கேன்னு உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும்."

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். பின்சீட்டில் ஏதோ கிரீச்சென்றது. பழைய விமானம், துருப்பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார் கணக்காளர்.

"நல்லாப் பார்த்துச் சொல்லு. யாராவது வர்றாங்களா?"

"கோட்டு போட்ட பெரியவர் ஒருத்தர் குடும்பத்தோட வர்றார். உங்க பெருச்சாளியைத்தான் காணோம்."

"அப்பாடா, தப்பிச்சோம்! நான் இறங்கிடறேன்."

அவர் எழுந்ததுதான் தாமதம், பின்னாலிருந்து ஒரு கை நீண்டு அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தது.

"அசையாதய்யா! வர்றது நம்ம முதலாளி. நூத்தி ரெண்டு டிகிரி காய்ச்சல்னு அவர்கிட்ட லீவு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்று கிசுகிசுத்தது பொம்மை. "பெருச்சாளி விஷயத்தை நாளைக்குப் பேசிக்கலாம். இப்ப உன் டாக்டர் சொன்னதைக் கேளு!"