மச்சினன் தலை

மத்தியான வெயில் நீளக் கண்ணாடியில் பட்டு, முடிவெட்டும் கடை முழுவதும் கண் கூசுகிறது. இருக்கும் இரண்டு நாற்காலிகளில் ஒன்று காலி. கடைக்காரர் அதை மூன்றாம் முறையாகத் துடைக்கிறார். பெஞ்சில் நான்கு பேர். நால்வருக்கும் பக்கத்து நாற்காலியில் வெட்டிக்கொண்டிருக்கும் அவருடைய மச்சினன்தான் வேண்டும். "வாங்க சார், இங்க காலிதான்" என்கிறார். "பரவாயில்ல, அவர்கிட்டயே வெட்டிக்கிறேன்" என்று ஒருவர் பேப்பருக்குள் முகத்தை மறைத்துக்கொள்கிறார். கடைக்காரருக்கு வயிறு எரிகிறது. மச்சினனின் கத்தரி மட்டும் வாய் ஓயாமல் பேசுகிறது. அவன் முன்னால் போர்வைக்குள் உட்கார்ந்திருப்பவர் கண்ணாடியில் அவனைக் காட்டி, "அப்படியே உங்க தலை மாதிரி வெட்டி விட்டுடுங்க" என்கிறார். கத்தரி ஒரு நொடி நிற்கிறது. தன் பிடரியைத் தானே வெட்டிக்கொள்ள எவனால் முடியும்? காலையில் கடை திறந்ததும் இதே காலி நாற்காலியில் உட்கார்ந்து, "மச்சான், கொஞ்சம் வெட்டி விடுங்க" என்று குனிந்த தலை அது. மச்சினன் கண்ணாடி வழியாகக் கடைக்காரரைப் பார்க்கிறான். பிறகு, "அதுக்கென்ன சார், வெட்டிடலாம்" என்கிறான். கடைக்காரர் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, காலையில் தான் வெட்டிய மச்சினனின் பிடரியில் ஏதாவது ஒரு கோணல் கிடைக்காதா என்று இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை தேடுகிறார். ஒரு முடிகூடப் பிசகவில்லை.