துணிக் கூரையா, தகரக் கூரையா?

"இன்னொரு தடவை திறந்து காட்டுங்க தம்பி. மெதுவா."

"சார், காலையிலேர்ந்து ஏழு தடவை திறந்தாச்சு. எட்டாவது தடவையும் இதே மாதிரிதான் திறக்கும்!" என்று சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினான் ரேடியோ. நீல வண்டியின் தகரக் கூரை இரண்டாக மடிந்து, மேலே எழும்பி, பின்பக்கப் பெட்டிக்குள் போய் ஒளிந்துகொண்டது.

அந்த ஷோரூமில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாய் ஓயாது என்பதால் ரேடியோ. பேசி என்ன பிரயோசனம்? மூன்று மாதமாக ஒரு வண்டிகூட விற்கவில்லை. "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒண்ணாவது போகணும். இல்லேன்னா திங்கக்கிழமையிலேர்ந்து நீ உதிரிபாகக் கிடங்குக்குப் போயிடு" என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். கிடங்கில் பேச்சுத்துணைக்கு நட்டும் போல்ட்டும்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் இந்த மனிதர் வந்து சேர்ந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கையில் அளக்கிற டேப். கூரை திறக்கிற வண்டிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். நாலாவது ஷோரூமாம் இது. காற்றில் முடி பறக்கப் போக வேண்டும் என்று இந்த வயதில் ஆசை. பறப்பதற்கு அங்கே முடி இருந்தால்தானே! ரேடியோ உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

"திறக்கும்போது உச்சி எவ்வளவு உயரம் போகுது?" டேப்பை நீட்டினார் அவர்.

"ஏழடிக்குக் கொஞ்சம் கூட இருக்கும் சார். அதனாலென்ன, வானத்துலயா இடிக்கப் போகுது?"

"ஷெட்டுக்குள்ள நிறுத்தி வெச்சே திறக்கணும்."

"ஷெட்டுல எதுக்கு சார்? வெளியே வந்து காத்தாடத் திறந்துக்கலாமே!"

அவர் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற சிவப்பு வண்டிக்குப் போனார். அதற்குக் கறுப்புத் துணிக் கூரை. தாழ்வாகவே மடங்கி, சீட்டுக்குப் பின்னால் சுருண்டுகொண்டது.

"தம்பி, நீங்க இந்தப் பக்கத்து சீட்டுல உட்காருங்க. கையைக் காலை அசைக்கக் கூடாது."

வாங்க வந்தவர் கேட்டால் தலைகீழாகக்கூட நிற்க வேண்டியதுதான். ரேடியோ பொம்மை மாதிரி உட்கார்ந்தான். அவர் அவன் தலைக்கு மேலே இரண்டு தடவை கையை வீசிப் பார்த்தார். "குறுக்கே கம்பி எதுவும் மிச்சமில்லையே?"

"சுத்தமா இல்லை சார். நேரா ஆகாசம்!"

அவர் போனை எடுத்து வீட்டுக்கு வீடியோவில் பேசி, இரண்டு வண்டியையும் திறந்தும் மூடியும் காட்டினார். திரை நிறைய ஒரு சிரித்த முகம்.

"ஏங்க, அந்தச் சிவப்பு மூடினா பல்லுவலிக்காரன் தலையில துணி கட்டின மாதிரி இருக்கு!" என்றாள் மனைவி. "நீலத்தைப் பாருங்க, திறந்தாலும் லட்சணம், மூடினாலும் லட்சணம். தம்பி, நீங்களே சொல்லுங்க."

எந்த வீட்டிலும் தீர்ப்பு எங்கிருந்து வரும் என்று ரேடியோவுக்குத் தெரியாதா? சட்டென்று அந்தப் பக்கம் சாய்ந்தான்.

"அக்கா, கண்ணுன்னா உங்க கண்ணுதான்! துணின்னா நாலு மழையில வெளுத்துடும். தூறல் போட்டாலே தலைமேல தாளம் போடும். தகரம்னா ராஜா மாதிரி. நீலம்தான் அக்கா!"

"கேட்டீங்களா? நீலம்தான்."

ரேடியோ படிவத்தை எடுத்து 'நீலம்' என்று எழுதியே விட்டான்.

"சிவப்பு" என்றார் அவர்.

"சார், அக்கா நீலம்னு..."

"சிவப்புன்னா இப்பவே எழுதுங்க. இல்லேன்னா நான் அஞ்சாவது ஷோரூம் பார்த்துக்கறேன்."

"என்னங்க இது?" போனில் குரல் உயர்ந்தது. "பேருக்குத்தான் என்னைக் கேட்டீங்களா? அந்தத் துணி வண்டி எனக்கு வேண்டவே வேண்டாம். அதுக்கு வாங்காமலே இருக்கலாம்!"

கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். ரேடியோவுக்கு உயிரே போய்விட்டது. சும்மா இருந்திருந்தால் ஏதாவது ஒரு வண்டி போயிருக்கும். வாயைக் கொடுத்து இரண்டையும் கெடுத்துக்கொண்டோமே!

"சார், கோவிச்சுக்காதீங்க. பக்கத்துல உட்கார்ந்து வரப்போறது அக்காதானே? ஒரு எட்டு இங்கே கூட்டிட்டு வாங்க. ரெண்டுலயும் ஏறி உட்கார்ந்து பார்க்கட்டும், அவங்களே முடிவு பண்ணட்டும். போன்லயே குடும்பம் நடத்தினா எப்படி சார்?"

அவர் கோபப்படவில்லை. டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஏறி உட்கார முடிஞ்சா நான் எதுக்குத் தம்பி இதோட அலையறேன்? அவளுக்குக் கால் விழுந்து ஆறு வருஷமாச்சு. மூடின வண்டிக்குள்ள குனிஞ்சு தூக்கி வைக்க என் முதுகு இடம் கொடுக்கல. ஷெட்டு உத்தரத்துல ஒரு தூக்குக் கருவி மாட்டியிருக்கேன். கூரை திறந்திருந்தா மேலேர்ந்து நேரா சீட்டுல இறக்கிடலாம். நீலத்தோட கூரை எழும்பறப்ப கருவியில அரையடி இடிக்குது."

போன் திரையில் அந்த முகம் மறுபடி சிரித்தது.

"சிவப்பே எழுதுங்க தம்பி" என்றாள் அவள். "சீக்கிரமா அனுப்பி வைங்க, கடைத்தெரு எந்தப் பக்கம்னே எனக்கு மறந்துபோச்சு."