எழுப்பிவிட்டவள்

“எந்திரிய்யா! எஸ்.ஐ. ஆவப்போற ஆளு இப்பிடியா குப்புறக் கவுந்து தூங்குவ?”

ஜான்சி இரண்டாம் முறையும் தண்ணீரை அள்ளி அவன் முகத்தில் தெளித்தாள். ஆரோக்கியராஜ் மறுபேச்சு பேசாமல் எழுந்து பாயைச் சுருட்டினான். இன்று பரீட்சை.

கல்யாணமான புதிதில் அவனை எழுப்புவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். காலேஜை முடித்துவிட்டு அண்ணன் ராபர்ட்டின் படகில் வலை இழுத்துக்கொண்டிருந்தவனை, “படிச்ச கை மீன் நாத்தம் புடிக்கவா?” என்று கேட்டுக் கரைக்கு இழுத்தவளே அவள்தான். ஒரு பழக்கம் உடம்பில் ஊறிவிட்டால், பிறகு அதுவே ஆளை இழுத்துக்கொண்டு போகும் என்று செல்போனில் யாரோ பேசியதைக் கேட்டாள். அன்றைக்கே டைம்டேபிள் எழுத வைத்து, அடுப்படிச் சுவரில் ஒட்டிவிட்டாள்.

இருட்டோடு கடற்கரை மணலில் ஓட்டம். குளித்ததும் படிப்பு. மீன்காரிகள் கூடையெடுக்கும் நேரத்தில் அவன் புத்தகப் பையோடு லைப்ரரிக்குக் கிளம்பியிருக்க வேண்டும். செல்போனை மட்டும் அவள் பிடுங்கி வைத்துக்கொள்வாள். அவன் சோர்ந்து உட்காரும் நாளில், “நாளைக்கு இந்தக் குப்பமே உனுக்கு சலாம் போடும் பாரு” என்று கிளப்பிவிடுவாள்.

முதல் பரீட்சை போனது. அடுத்ததும் போனது. அவள் விடவில்லை. குழந்தையைக்கூட, “நீ பாஸ் பண்ணு, அப்பறம் பாத்துக்கலாம்” என்று தள்ளிப்போட்டாள். ‘விசேஷம் உண்டா?’ என்று கேட்டவர்களிடமெல்லாம் சிரித்துச் சமாளித்தாள்.

அதற்குப் பலன் இல்லாமல் போகவில்லை. முன்பெல்லாம் பரீட்சையன்று பச்சைத் தண்ணீர்கூட அவன் வயிற்றில் தங்காது. போன தடவையும் இந்தத் தடவையும் அப்படி ஒன்றும் இல்லை. நிதானமாக உட்கார்ந்து இட்லி சாப்பிட்டவன், மீன் குழம்பு இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டான்.

“பயமா இல்லியாயா?”

“இல்ல.”

பழக்கம் ஆளையே மாற்றிவிட்டது என்று ஜான்சிக்கு உச்சி குளிர்ந்தது.

“ஹால் டிக்கெட் எட்த்துகினியா?”

“பையில கீது.”

“நானும் வரட்டா?”

“தேனாம்பேட்டைக்கு எதுக்கு அலையிற? நீ வெளிய வெயில்ல நிக்கிறேன்னு நெனச்சா எனுக்கு எழுத ஓடாது. நீ மார்க்கெட்டுக்குப் போ.”

அவன் பஸ் ஸ்டாப் பக்கம் திரும்பும்வரை வாசலிலேயே நின்றாள். அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்த நீலச் சட்டையில், இப்போதே ஆபீசர் மாதிரிதான் இருந்தான்.

மார்க்கெட்டில் வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தவளுக்கு மனசு நிலைகொள்ளவில்லை. பக்கத்துக் கடை காவேரி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“கைய வெட்டிக்கப் போற. போ, அவரு எழுதற நேரத்துக்கு மாதாவாண்ட ஒரு மெழுவத்தி ஏத்திட்டு வா. கடைய நான் பாத்துக்கறேன்.”

சாந்தோம் பெரிய கோயிலுக்கு ஜான்சி வந்து வெகுநாளாயிற்று. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் குப்பத்துச் சின்னக் கோயிலோடு சரி. எவ்வளவு கழுவியும் போகாத மீன் வாசத்தோடு மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு முழங்காலிட்டாள்.

“அவன் ஒரு நாள்கூட டிமிக்கி குடுக்கல தாயே. இந்தத் தடவை கைவுட்றாத.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். கடைசி பெஞ்சில், ஓரமாக, அந்த நீலச் சட்டை. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

ஓடிப்போய்த் தோளைப் பிடித்து உலுக்கினாள். “யோவ்! இன்னாயா இங்க கீற? பரீட்சை ஆரம்பிச்சிருப்பாங்களே! உடம்புக்கு இன்னாச்சு? எந்திரி, ஆட்டோ புடிக்கலாம். நான் கால்ல வுழுந்தாவது உள்ள வுடச் சொல்றேன்.”

ஆரோக்கியராஜ் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை.

சத்தம் கேட்டு, தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆள் பக்கத்தில் வந்தான்.

“இன்னாமா, கோயில்ல வந்து கத்திகினு கீற? பாவம், தூங்கட்டும் வுடு. தெனம் வர்றவருதான். காலைல வந்தா சாயங்காலம் வரிக்கும் இங்கதான் கெடப்பாரு. யாருக்கும் தொந்தரவு இல்ல.”

தோளைப் பிடித்திருந்த ஜான்சியின் கை தானாகக் கீழே இறங்கியது. “லைப்ரரின்னு சொல்லிட்டுத்தானயா போவ?”

அவன் புத்தகப் பையை மடிக்கு இழுத்து, அதன் வாரைத் திருகிக்கொண்டிருந்தான்.

“உன்னாண்ட எப்பிடி சொல்றதுன்னு தெரில. நீ அவ்ளோ ஆசையா...”

“இன்னாத்த சொல்லணும்? சொல்லித் தொலையேன்யா!”

“பரீட்சை எழுதற வயசு எனுக்குத் தாண்டிப் போயி ரெண்டு வருசம் ஆவுது, ஜான்சி.”