போட்டு வாறன்

பனி உறையும் ட்ரொம்சோ நகரில் வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்து வீட்டுக்குள் விடும் வெப்ப பம்புக்கு இப்போது காதும் உண்டு. வாசலில் நின்று “போறன்” என்றால் அந்த ஆளின் அறைக்குச் சூட்டை நிறுத்திவிடும். “போட்டு வாறன்” என்று, போய்த் திரும்பி வருவதாகச் சொன்னால், சூடு குறையாமல் காத்திருக்கும்.

குகநேசனின் மனைவி தர்மினி சண்டை பிடித்துப் பெட்டியோடு கிளம்பி மூன்று நாளாகியும் அவளின் தையல் அறை கதகதப்பாகவே இருந்தது. அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஆளில்லாத அறைக்கு என்னத்துக்குச் சூடு? நிப்பாட்டு!”

“அக்கா போகேக்க ‘போட்டு வாறன்’ எண்டுதானே சொன்னவா, அண்ணை,” என்றது பம்பு.

அன்று அவன் போட்ட சத்தத்தில் அந்தச் சொல் அவன் காதில் விழவேயில்லை.

குகநேசன் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே போய், அவள் கார் நிறுத்தும் இடத்துப் பனியை வழிக்கத் தொடங்கினான்.