ஜன்னலோரம் நிற்காதவள்

தான் எழுதிய நாவலின் கடைசி வரியை வாசித்துவிட்டு லட்ரீஸ் புத்தகத்தை மூடியபோது, நூலகத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

நாவலில் ஒருவன் மனைவியையும் ஐந்து வயது மகளையும் விட்டுவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறான். அந்த மனைவி சாகும்வரை ஜன்னலோரம் நின்று அவனுக்காகக் காத்திருக்கிறாள். வாய் திறக்காத கறுப்பினப் பெண்களின் குரல் இது என்று பத்திரிகைகள் கொண்டாடியிருந்தன.

தன் அம்மாவின் கதைதான் என்பதை லட்ரீஸ் எந்தப் பேட்டியிலும் மறைத்ததில்லை.

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில், அவள் பிறந்து வளர்ந்த பேட்டையில் அதை வாசிப்பது இதுதான் முதல் தடவை.

கேள்வி நேரம் வந்ததும் முதல் ஆளாக அம்மா வெர்னெல் எழுந்தாள். சர்ச்சுக்குப் போடும் மஞ்சள் தொப்பி போட்டிருந்தாள்.

"ஏன்டி, நான் எப்போடி ஜன்னல்கிட்ட நின்னேன்? ரெண்டு ஷிஃப்ட் வேலை பார்த்தவளுக்கு நிக்க எங்கடி நேரம்?"

கூட்டம் சிரித்தது. வெர்னெல் சிரிக்கவில்லை.

"அவன் ஒண்ணும் தானா போகல. நான்தான் துணிமணியை வாசல்ல வீசிட்டு, வெளிய போடான்னேன்."

"ஆமென்!" என்று கத்தினாள் பின்வரிசையில் ஒருத்தி. சர்ச் தோழிகள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

லட்ரீஸும் தட்டினாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

அப்பா வருவார் என்று பிறந்தநாள்தோறும் அழுதிருக்கிறாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்திருக்கிறாள். ஒருநாள்கூட இதைச் சொன்னதில்லை.

அப்பாவின் தோளில் உட்கார்ந்து ஊர்வலம் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. யோசித்துப் பார்த்தாள். அவரைப் பற்றி வேறு எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. இத்தனை பக்கங்களை எதிலிருந்து எழுதினாள்?

கையெழுத்து வாங்க வந்தவர்கள் கலைந்தபின், வெளியே காருக்குப் பக்கத்தில் அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீதான் துரத்தினேன்னு ஏம்மா எங்கிட்ட சொல்லல? நான் அவ்ளோ அழுதேனே!"

வெர்னெல் கையை விடுவித்துக்கொண்டு காரில் ஏறி பெல்ட்டை மாட்டினாள். உள்ளே பேசியதற்காக வருத்தப்படுகிறவள் போலத் தெரிந்தாள்.

"நீ மறந்துட்டேன்னு நிம்மதியா இருந்தேன்."

"எதை மறந்தேன்?"

வெர்னெல் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

"பயமா இருக்கு, அப்பாவை அனுப்பிடும்மான்னு நீதான்டி கேட்டே."