ஆமைப் பேட்டை நீரூற்று

அந்தத் தெருமுனையில் நின்றவர்கள்: காலையில் நகர மன்றத்தில் கல்யாணம் முடித்த ஸ்காட்லாந்து ஜோடி, மணப்பெண் மோரக், மாப்பிள்ளை கேலம். அந்தக் கல்யாணத்துக்கு எல்லா ஏற்பாடும் செய்த இலாரியா. படம் எடுக்கும் துச்சோ. மொழிபெயர்க்க நான். பிறகு, இலாரியா காலையிலிருந்து இழுத்துக்கொண்டு திரிந்த ஒரு சின்னச் சக்கரப்பெட்டி.

முனையில் மஞ்சளும் நீலமுமாக ஒரு கொடி தொங்கியது. துச்சோ அதற்கு ஓர் அடி இப்பாலேயே நின்றுவிட்டான்.

"இதுக்கு மேல நான் வரமாட்டேன்."

இத்தாலியில், எங்கள் சியெனாவில் பிறந்த யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். துச்சோ நத்தைப் பேட்டை. கொடிக்கு அப்பால் ஆமைப் பேட்டை, பரம்பரைப் பகை. இன்னும் நாலு நாளில் பேட்டைகளுக்குள் குதிரைப் பந்தயம்; நாளை காலை குதிரைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக் கொடுப்பார்கள். மற்ற நாட்களில் துச்சோ இந்தத் தெருவுக்குள் போய்த்தான் ரொட்டி வாங்குவான். இன்று போகமாட்டான்.

நான் ஒட்டகச்சிவிங்கிப் பேட்டை. எங்களுக்கு யாரோடும் பகை கிடையாது. அதனால்தான் இப்படிப்பட்ட வேலைகளுக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள்.

நீரூற்று தெருவின் வளைவுக்கு அப்பால் இருந்தது. ஒரு வருஷமாக மோரக்கின் போன் முகப்பில் இருப்பது அதன் படம்தான். அதன் முன்னால் ஒரு படம், அதற்காகத்தான் இந்த ஊர். வெயில் கூரைகளைத் தொட்டுவிட்டது. நாளை காலை அவர்களுக்கு விமானம்.

"நத்தை இவ்ளோ தூரம் நகர்ந்து வந்ததே பெருசு," என்றாள் இலாரியா. அவள் ஆமைப் பேட்டைக்காரி.

"ஊர்ல எத்தனை நீரூற்று இருக்கு. உனக்கு உங்க ஆமைதான் கெடைச்சுதா?"

"பொண்ணு கேட்டா."

"பொண்ணுக்குக் காட்டுனது யாரு?"

இலாரியா கூரையைப் பார்த்தாள். மோரக் என் பக்கம் திரும்பினாள்.

"என்ன பேசிக்கிறாங்க?"

"வெளிச்சத்தைப் பத்திங்க."

"இவ்வளவு கோபமாவா?"

"எங்க ஊர் வெளிச்சம் அப்படி."

கேலம் சிரித்தான். மோரக் சிரிக்கவில்லை. பாவாடை நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டு, எட்டிப் பார்த்தால் நீரூற்று தெரியுமா என்று பார்த்தாள். தெரியவில்லை. அவள் கண் கலங்க ஆரம்பித்தது.

இலாரியா கையை நீட்டினாள்.

"கேமராவக் குடு."

காலையில் கேமராவின் கழுத்துப் பட்டையைத் தூக்கித் தர வந்த மாப்பிள்ளையையே முறைத்தவன் துச்சோ. அவன் கேமராவை இன்னொருவர் தொட்டு நான் பார்த்ததில்லை. அவன் கொடியைப் பார்த்தான். மணப்பெண்ணைப் பார்த்தான். பிறகு பட்டையைக் கழுத்திலிருந்து கழற்றினான், பல் பிடுங்கக் கொடுப்பவனைப் போல.

"விரலை லென்ஸ் மேல வைக்காத."

"நீ பெட்டியைப் பாத்துக்கோ. சரிவுல உருண்டுடும்."

மூவரும் வளைவில் மறைந்தார்கள். நான் துச்சோவுக்குத் துணையாக நின்றேன். உள்ளே தண்ணீர்ச் சத்தமும் மோரக்கின் சிரிப்பும் கேட்டன. ஒவ்வொரு சிரிப்புக்கும் அவன் ஆள்காட்டி விரல் தானாக மடங்கி நிமிர்ந்தது.

வெயில் போன பிறகு திரும்பி வந்தார்கள். ஜோடி நனைந்திருந்தது.

துச்சோ கேமராவை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். மணப்பெண் தலையை அண்ணாந்து சிரிக்கிறாள். மாப்பிள்ளை தண்ணீரை வாரி இறைக்கிறான். எல்லாவற்றிலும் பின்னால் ஆமைக் கொடி, ஒரு மடிப்புக்கூட இல்லாமல்.

"கல்யாணத்தை எடுத்தியா, கொடியை எடுத்தியா?"

"ரெண்டும் நல்லா விழுந்திருக்கில்ல?"

கடைசிப் படத்தில் கொடி இல்லை. திரும்பி வரும்போது எடுத்திருக்கிறாள். தெருமுனையில் பெட்டியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கும் துச்சோ.

அதை வெகுநேரம் பார்த்தான்.

"ஃபோகஸ் போயிடுச்சு," என்றான்.

"ஆள் ஆடிக்கிட்டே இருந்தா?"

இலாரியா பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். அவன் கையிலிருந்து அது உடனே வரவில்லை. இன்னொரு முறை இழுத்தாள்.

"பூனைக்கு ரெண்டு வேளை. மாடிச் செடிக்குத் தண்ணி ஊத்து. நான் இல்லைன்னு பூனைக்கு உங்க பேட்டைப் பாட்டெல்லாம் சொல்லிக் குடுக்காத."

"உங்கம்மாவைக் கேட்டேன்னு சொல்லு."

"பந்தயம் முடியட்டும். நீயே வந்து கேளு."

பெட்டி கல்தரையில் கடகடவென்று உருண்டு போனது. மோரக் அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவங்க ரெண்டு பேரும்...?"

"ஆமாங்க. ரொம்ப வருஷமா."

"ஐயோ. சண்டையா?"

"இல்லீங்க. குதிரைப் பந்தயம். பேட்டை மாறிக் கட்டினவங்க இந்த நாலு நாளும் அவங்கவங்க பொறந்த பேட்டையிலதான் தூங்குவாங்க."

இந்த முறை நான் எதையும் மாற்றிச் சொல்லவில்லை. மோரக் கேலமின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வளைவுக்கு முன்னால் ஒரு பச்சைக் கதவு திறந்தது. இலாரியாவின் அம்மா பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். நிமிர்ந்தபோது முனையில் நிற்கும் மருமகன் கண்ணில் பட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் போதும் போதும் என்றாலும் விடாமல் தட்டை நிரப்புகிறவள் அவள்.

துச்சோ கையைத் தூக்கினான்.

அவள் யாரோ என்பதுபோல் முகத்தைத் திருப்பி, மகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். சாவி இரண்டு சுற்று சுற்றியது முனை வரைக்கும் கேட்டது.